எல்லப்பனின் ஏழு நாள் வெயில்

"தள்ளுங்க, தள்ளுங்க, நெழலு வுழுது!"

வணக்கம் சொல்லப் போன என்னை எல்லப்பன் தோளைப் பிடித்து இரண்டடி நகர்த்தி வைத்தார். பிறகுதான், "ஆங், வாங்க சார், இன்னா விஷயம்?" என்றார். அவருடைய சோலார் பலகை மேல் யார் நிழல் விழுந்தாலும் இதே மரியாதைதான். பஞ்சாயத்துத் தலைவரும் ஓர் எருமையும் எனக்கு முன்பே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். குடிநீர் வாரியப் பொறியாளர் சிவப்பிரகாசம் மட்டும் விதிவிலக்கு. அவருடைய ஜீப் சத்தம் கேட்டாலே எல்லப்பனின் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். பத்தடி தள்ளித்தான் நிற்பார்.

2003 அக்டோபர். பள்ளிப்பட்டுக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவே ஒரு பாறைமேடு. சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மின்கம்பம் கிடையாது. அங்கே குடிநீர்க் குழாய்க்குக் காவல் இருக்கிறார் எல்லப்பன். முன்பு அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஃபிட்டர். அந்தக் குழாய் போய் முடியும் கடைசி ஊர் அவருடையது. தினம் இரண்டு லட்சம் லிட்டர் இந்த மேட்டைக் கடந்து போவதாகக் காகிதம் சொல்கிறது. ஊரில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அவர் மனைவி மணியம்மை இரண்டு கிலோமீட்டர் நடந்து வயல் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார். "எங்க ஊருக்காரங்க பொய் சொல்றாங்கன்றாங்க சார். வயிறு எரியுது" என்றார் எல்லப்பன்.

பொய் யாருடையது என்று சொல்ல ஒரு மீட்டர் வந்திருக்கிறது. அதைப் பற்றி ஆரம்பித்தால் மனிதருக்குக் கால் தரையில் நிற்பதில்லை. "குழாய அறுக்கல, ஓட்ட போடல. புள்ளத்தாச்சி வயித்துல பசை தடவி ஸ்கேன் பாக்கறாங்கள்ல? அதே மாரி. வெளிய ரெண்டு கட்டைய வெச்சி இறுக்கிட்டா, உள்ள எவ்ளோ தண்ணி போய்கினு இருக்குதுன்னு சொல்லிடுது. இன்னா மூளைங்க!"

மூளை சரி, மின்சாரத்துக்கு எங்கே போவது? ஏழு நாள் விடாமல் அளவு பதிவானால்தான் ஊருக்குத் தனிக் குழாய் கேட்டு எழுத முடியும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். முதல் முறை எல்லப்பன் பேட்டரியைச் சைக்கிளில் கட்டி விசைத்தறிக் கூடத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கொண்டுபோனார். அவர் திரும்புவதற்குள் மீட்டர் உயிரை விட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் சோலார் வந்தது. இரண்டாம் முறை மேகம் கழுத்தறுத்தது. இது மூன்றாம் முறை. அடுத்த வாரம் மீட்டர் வேறு ஊருக்குப் போகிறது. இதோடு சரி.

அதனால் பலகையைப் பழைய சைக்கிள் சக்கரத்தின் ஹப் ஒன்றில் பொருத்தி, வெயில் போகும் பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே இருக்கிறார். கடிகாரம் கிடையாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி, இடது கையால் ஒரு சாண் திருப்பிவிட்டு வந்து உட்காருகிறார். சோறு கொண்டுவந்த மணியம்மை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் புருஷனிடம் கேட்டார். "என்னிய ஒரு நாளு இப்டி கவனிச்சிருப்பியா பாவா?"

ஐந்தாம் நாள், ஆயுத பூஜைக்கு மறுநாள், மீண்டும் போனேன். மீட்டரில் பேட்டரி இறங்கியதைச் சொல்லும் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எல்லப்பன் முகத்தில் ஈயாடவில்லை. "வெயிலு சுள்ளுனு அடிக்குது சார். பேட்டரி ஏறமாட்டேன்னுது. இதுக்கு இன்னா கேடு வந்துச்சி?"

நான் பலகையைப் பார்த்தேன். அடப்பாவமே! கண்ணாடி முழுக்க மூன்று பட்டைச் சந்தனம், நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். வருஷா வருஷம் தறிக்குப் பூசிய அதே பக்தியோடு, குழைத்துக் கனமாக அப்பியிருந்தார். வெயில் எந்த வழியாக உள்ளே போகும்? விரலை நீட்டிக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "நானே அத்தோட கண்ண மூடிட்டேனா?"

காலடியில் குழாய் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. அளவு முடியும்வரை ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. தம் குடிதண்ணீர்ப் பாட்டிலைக் கண்ணாடியில் கவிழ்த்து, துண்டால் தேய்த்தார். காய்ந்த சந்தனம் லேசில் விடுமா? நகத்தால் சுரண்டினார். என் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டார். "முருகா, மன்னிச்சிக்க, மலையேறி வந்து மொட்ட போட்டுக்கறேன்" என்று வாய் ஓயவில்லை. பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். நாலு மணிக்குச் சிவப்பு அணைந்தது. நான் விசிலடித்தேன். என் வயதுக்கு அது அழகில்லைதான், அடித்துவிட்டேன்.

ஏழாம் நாள் பொறியாளர் வந்தார். பின்னாலேயே பாதி ஊரும் வந்தது. அவர் மீட்டர் முன்னால் நின்று பட்டன்களை அழுத்தினார். ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை. "தினம் எழுபதாயிரம்தான் போவுது" என்றார் மெதுவாக. "நீங்க சொன்னது நெசந்தான்யா. தனிக் குழாய்க்கு இன்னிக்கே எழுதிடறேன்." ஊர் ஒரே குரலில் கத்தியது. மணியம்மை அழுதேவிட்டார்.

எல்லப்பன் மட்டும் துண்டு இடுப்பில், பத்தடி தள்ளி, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் ஒரு நிழல் கிடந்தது. விடுவிடுவென்று வந்தார். பொறியாளரை இரண்டு தோளிலும் பிடித்து, இரண்டடி நகர்த்தி வைத்தார்.