பள்ளிக்கூடத்துக்குள் மாக்கிறேற் அக்கா விட்ட அலை

இந்து சமுத்திரத்தில் உள்ள அலைகள் எல்லாம் காலமை எழும்பினவுடன் ஊர்காவற்றுறைப் பக்கம் திரும்பி, மாக்கிறேற் அக்காவிடம் உத்தரவு கேட்டுத்தான் கரைக்குப் போகும். அவ "இண்டைக்கு வேண்டாம்" என்றால் காரைநகர் நேவிக் கப்பலும் நங்கூரம் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான்தான். உண்மை இதைவிடக் கொஞ்சம் சின்னது. அக்கா என் பெரியம்மா அல்போன்சம்மாவின் ஒரே மகள். பெரியப்பா கடல் தொழில் செய்தவர். அக்கா பேராதனையில் படித்து, பிறகு இங்கிலாந்துக்குப் போய்க் கணிதத்தில் டாக்குத்தர் பட்டமும் எடுத்தா. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். இரண்டு பேருக்கும் சராசரி பார்த்தால் எங்கள் குடும்பம் சுமாரான படிப்புத்தான்.

பட்டம் எடுத்த பிறகும் அவ அங்கேயே நின்று ஆராய்ச்சி செய்தா. துறைமுகத்துக்குள் அலை எப்படி நுழைந்து எப்படிப் பரவும் என்று கொம்பியூட்டரில் கணக்காக ஓடவிட்டுப் பார்க்கிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில், செத்துப்போன பெரியப்பாவின் ஆண்டுப் பூசைக்கு வந்தவவை, அவரோடு கடலுக்குப் போன சவிரிமுத்து அண்ணை வள்ளத்தடியில் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நாளைக்குக் கடல் எப்பிடி?"

"தெரியாது அண்ணை."

"அப்ப சீமையில உமக்கு என்னத்துக்குச் சம்பளம் தாறாங்கள்?"

"தெரியாதெண்டு ஒழுங்காச் சொல்லுறதுக்குத்தான்."

பெரியம்மாவுக்கு இந்த வேலையில் நம்பிக்கை இல்லை. "படிச்சு முடிஞ்சுதெண்டுதானே பட்டம் தந்தவங்கள். பிறகும் ஏன் அங்க நிக்கிறாய்? இஞ்ச கன்னியர் மடத்து மதர் கணக்கு ரீச்சர் வேலை தாறன் எண்டுறா."

"ஒரு கணக்கு மிச்சம் இருக்கு அம்மா. அது சரிவராட்டி வந்திடுறன்."

அந்த மிச்சக் கணக்கு இதுதான். முழுக் கடலையும் கொம்பியூட்டருக்குள் அடக்க ஏலாது. எங்கேயோ ஒரு எல்லை போடவேணும். அந்த எல்லையில் அலை மதிலில் மோதியது போலத் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். உண்மைக் கடலில் அங்கே மதில் இல்லை, அலை தன் பாட்டில் போய்விடும். அலையைத் திருப்பி அனுப்பாத எல்லைக்கு அக்கா ஒரு புது விதி கண்டுபிடித்திருந்தா. அது வேலை செய்கிறதா என்று அந்தக் கிழமைக்குள் பேராசிரியருக்குத் தந்தி கொடுக்கவேணும். சரியென்றால் அடுத்த வருசமும் வேலை. இல்லையென்றால் ஊரோடு ரீச்சர்.

கொம்பியூட்டருக்கு எங்கே போவது? பள்ளிக்கூட விடுதலை நாள். அக்கா வாங்குகளை வரிசையாக இழுத்துப்போட்டு, ஊர்ப் பிள்ளைகளைச் சதுரமாக இருத்தி, ஆளுக்கொரு சிலேற்றுக் கொடுத்தா. ஒவ்வொரு பிள்ளையும் கடலில் ஒரு துண்டு, சிலேற்றில் எழுதுகிற இலக்கம் அந்த இடத்து அலையின் உயரம். என்னையும் இடப்பக்கக் கரைக்குக் கிட்ட இருத்தினா.

"முன்னுக்கு, பின்னுக்கு, இடம், வலம், நாலு பேரின்ர இலக்கத்தையும் கூட்டு. பாதியாக்கு. இப்ப உன்னட்டை இருக்கிற இலக்கத்தை இல்லை, அதுக்கு முந்தின உன்ர இலக்கத்தைக் கழி. அதுதான் உன்ர புது இலக்கம்." கரையில் இருந்தவர்களுக்கு மட்டும் தன் புது விதியைக் கொடுத்தா.

நடுவில் இருந்த பெட்டைக்கு ஒரு பெரிய இலக்கம் எழுதிக் கொடுத்து, கை தட்டினா. ஒவ்வொரு தட்டலுக்கும் எல்லோரும் எழுதினோம், அக்கா எல்லாவற்றையும் கரும்பலகையில் போட்டா. இலக்கம் நடுவில் இறங்கிச் சுற்றிவரப் பெருத்தது. பிறகு எங்களிடம் வந்தது, எங்களைத் தாண்டிக் கரைக்குப் போனது. திரும்பி வரவில்லை. சிலேற்றுகளில் பூச்சியத்துக்குக் கிட்டின சின்ன இலக்கங்கள்தான் மிச்சம். அக்காவின் முகம் மலர்ந்துகொண்டு வந்தது.

நான் என் இலக்கத்தோடு மூன்றைக் கூட்டி எழுதினேன்.

அடுத்த தட்டலில் பக்கத்தில் இருந்தவர்களின் இலக்கமும் ஏறியது. கரையில் பட்ட அலை திரும்பி வந்த மாதிரியே இருந்தது. அக்காவின் கை ஒருக்கால் நின்றது. பிறகு இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தா. முடிந்ததும் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டு, "லியோன், நீ நில்" என்றா.

"சரிவரேல்லையோ அக்கா?" என்று கவலையோடு கேட்டேன். கவலைப்படுவதில் நான் கெட்டிக்காரன்.

"நடுவில விட்ட அலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் போகவேணும். வலப்பக்கம் அடங்கிப்போட்டுது. இடப்பக்கம் மட்டும் ஏன் எழும்பினது? இரண்டு கரைக்கும் ஒரே விதிதானே குடுத்தனான்."

"சின்னப் பெடியள், கூட்டத் தெரியாததுகள்."

"வலப்பக்கத்து இலக்கத்தை இடப்பக்கத்தில இருந்து கழிச்சுப் பார்த்தன். மிச்சம் ஒரு குட்டி அலை. அது வட்டமாப் பரவியிருக்கு. வட்டத்தின்ர நடுவில நீ இருந்த இடம்."

நான் கரும்பலகையை விட்டுவிட்டு யன்னலைப் பார்த்தேன்.

"உனக்கு நன்றிதான் சொல்லவேணும். உன்ர கள்ள அலை சரிவாப் போய்க் கரையில பட்டது. அதுவும் திரும்பி வரேல்லை. நேரா வாற அலையைவிடச் சரிவா வாறதைத் திருப்பாமல் விடுறதுதான் கரைக்குக் கஷ்டம், அதால நான் விட்ட அலையைவிட அதுதான் பெரிய சோதினை. போய்ச் சைக்கிளை எடு, தந்திக் கந்தோருக்குப் போவம்."

"நான் சும்மா பகிடிக்குச் செய்தனான் அக்கா."

"பகிடிக்குச் செய்யிறவன் ஆயிரத்தைக் கூட்டியிருப்பான், எல்லாரும் சிரிச்சிருப்பினம்." அக்கா வெண்கட்டித் தூசைக் கையில் இருந்து தட்டினா. "நீ மூண்டைக் கூட்டினனி, அதுவும் எல்லாம் அடங்கின பிறகு. நான் போகக் கூடாதெண்டு நினைச்சால் வாயால சொல்லுறதுக்கென்ன?"