பந்துக்குப் போகாத கால்

பிரகதீஸ்வரியைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தது அவள் உயரம்தான். திருவரங்குளத்தில் அவள் படித்த பள்ளியில் பெண்கள் அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. வகுப்பிலேயே நெட்டையாக இருந்தவளைக் கூப்பிட்டு, "ஒண்ணும் செய்ய வேணாம், கோலுக்கு முன்னாடி நில்லு, வர்றவள விடாத, அம்புட்டுத்தான்" என்றார்கள். நின்றாள். வந்தவர்களை விடவில்லை. அன்றைக்கு நின்ற இடத்திலேயே அடுத்த பதினைந்து வருஷமும் நின்றாள். ஆட்டக்காரர்கள் அந்த இடத்தை ஸ்டாப்பர் என்பார்கள். கோல் போடுகிறவளை எல்லோரும் தோளில் தூக்குவார்கள். தடுக்கிறவள் பெயர் அவள் கோட்டைவிட்ட அன்றைக்குத்தான் வெளியே வரும். அதில் பிரகதிக்கு வருத்தம் இருந்ததில்லை. தைலமரம் வெட்டி லாரியில் ஏற்றுகிற பழனிச்சாமியின் மகள் அவள். யாரும் பார்க்காத வேலையை ஒழுங்காகச் செய்வது அந்த வீட்டில் பழகிப்போனது.

பதினொன்றாம் வகுப்பில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. அங்கே ஒரே அறையில் வந்து சேர்ந்தவள் பிரின்சி. ஆவூர்க்காரி, பங்கிராஸ் என்ற விவசாயியின் மகள். குள்ளம், ஆனால் காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி ஓடுவாள். முன்வரிசையில் ஆடுகிறவள். ஆக, தினமும் பயிற்சியில் பிரின்சி தாண்டப் பார்ப்பாள், பிரகதி மறிப்பாள். பிரின்சி இடது தோளைச் சாய்ப்பாள், போவது வலது பக்கமாக. அது பிரகதிக்கு மனப்பாடம். தெரிந்தும் பாதி நாள் ஏமாந்து நிற்பாள். மைதானத்தை விட்டு வந்தால், பிரகதியின் அம்மா மீனம்மாள் கொடுத்தனுப்பிய கருவாட்டுத் தொக்கை இரண்டு பேரும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிடுவார்கள். பிரின்சியின் அம்மா அருள்ராணி போன் செய்தால், மகளிடம் பேசி முடித்ததும், "பிரகதி இருக்காளா? அவகிட்டக் குடு" என்பாள். ஊரை விட்டு வந்த மகளுக்குத் துணை ஒருத்தி இருக்கிறாள் என்று அந்த அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி.

கல்லூரி முடிந்து, மாநில அணியில் ஆடி, இரண்டு பேருமே சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் ஆனார்கள். பிரகதியை ஒடிசாவில் ஒரு கிளப் எடுத்தது. பிரின்சி குஜராத்துக்குப் போனாள். லீக்கில் இரண்டு அணியும் வங்காளத்தில் ஒரு ஊரில் மோதின. ஆட்டத்துக்கு முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "பாத்துடி, காலுக்கு நடுவுல பந்தை விட்டுறப்போறேன்" என்று பிரின்சி சிரித்தாள்.

சொன்ன மாதிரியே விட்டாள். முதல் பாதியில் ஒரு தடவை, அடுத்த பாதியில் ஒரு தடவை. இரண்டாவது தடவை அது கோலாகவும் ஆயிற்று. பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். அடுத்த வருஷம் கிளப் யாரை வைத்துக்கொள்ளும், யாரை அனுப்பும் என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பிரகதிக்குக் காதெல்லாம் சுட்டது.

மூன்றாவது தடவை பிரின்சி வந்தாள். இடது தோள் சாய்ந்தது. பிரகதி இந்த முறை சரியாக அவள் போகிற பக்கமே திரும்பினாள். ஆனால் ஒரு எட்டு தாமதம். பந்து தாண்டிவிட்டது, இனிமேல் எட்டாது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் தெரிந்தது. தெரிந்தும் காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு போனாள்.

காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

பிரகதி எழுந்தாள். எழுந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஒன்றும் செய்யாதவள் மாதிரி இரண்டு கைகளையும் விரித்ததுதான். மணிப்பூர்க்கார நடுவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவரைப் பார்த்துப் பதற்றத்தில் தமிழிலேயே கத்தினாள்: "நடிக்கிறா மேடம்! சும்மா நடிக்கிறா!"

நடுவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஓடி வந்த ஆட்டக்காரிகளில் ஒருத்திக்கும் தெரியாது. அந்த மைதானம் முழுக்கத் தேடினாலும் அது புரியக்கூடியவள் ஒருத்திதான், அவள் கீழே கிடந்தாள். பிரின்சி அழவில்லை. புல்லைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பிரகதியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகுதான் பிரகதி அந்தக் காலைப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே அது இருக்க வேண்டிய வாக்கில் இல்லை.

நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். ஸ்டிரெச்சர் வந்தது. ஆட்டம் தொடர்ந்தது.

மேனேஜர் அன்று மாலை, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம், வீண் பேச்சு வரும் என்றார். பிரகதி தலையாட்டினாள். போ என்று சொல்லியிருந்தால்தான் அவளுக்குச் சங்கடம். அப்பாடா என்று இருந்தது. மறுநாள் அணி ரயிலேறியது. போனில் "எப்படிடீ இருக்க" என்று அடித்தாள், அழித்தாள். "சாரிடி" என்று அடித்தாள், அதையும் அழித்தாள். பிரின்சிக்கு ஆபரேஷன் ஆகிப் பிளேட் வைத்திருக்கிறார்கள் என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே போய், இனி என்ன முகத்தோடு பேசுவது என்கிற இடத்துக்கு வந்துவிட்டது.

இதனால் ஆட்டம் கெட்டுப்போனது என்றாலாவது அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். கெடவில்லை. கிளப் அவளை வைத்துக்கொண்டது. அடுத்த சீசன் அவளுக்கு அதுவரை வாய்க்காத சீசன். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், நன்றாக ஆடினாள். பின்னால் நினைத்தபோது அவளைக் கூசவைத்ததில் இதுவும் ஒன்று.

கூச்சம் ஊருக்கு வந்த பிறகுதான் பிடித்தது. லீக் முடிந்து லீவில் வந்தவளை, வெள்ளைச்சாமி தன் டீக்கடையிலிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார். "இங்கிட்டு வா ஆத்தா, ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று போனை நீட்டினார். ஊர்ப் பையன்கள் யாரோ போன வருஷம் வங்காளத்தில் நடந்த அந்த ஆட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, மேளச் சத்தம் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நீலச் சட்டைக்காரி ஒருத்தி வருகிறாள், பிரகதி சறுக்கிப் போகிறாள், நீலச் சட்டைக்காரி விழுகிறாள். அதோடு சரி. திரும்பவும் முதலிலிருந்து ஓடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அத அழிச்சிருங்க சித்தப்பா" என்றாள் பிரகதி.

"ஏன் ஆத்தா, நல்லாத்தானே மறிச்சிருக்க?"

"அதுல அந்தப் புள்ளைக்குக் காலு ஒடிஞ்சிருச்சு."

வெள்ளைச்சாமி வாயைத் திறந்தபடி போனைப் பார்த்தார். அவர் அழித்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது அவர் இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீகளா, நம்ம பழனிச்சாமி மக. எதுக்க வந்தவளுக்குக் காலே ஒடிஞ்சு போச்சு, தெரியும்ல? சும்மாவா!"

பிரகதிக்கு உடம்பெல்லாம் பற்றியது. தானே எடுத்துக் கொடுத்த பெருமை அது. அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் போகாமல், தைலமரக் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அப்படிப் போன ஒரு நாளில், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், "ஆத்தா, பிரகதியா?" என்று யாரோ பின்னால் கூப்பிட்டார்கள். பங்கிராஸ். பை நிறைய விதையோ உரமோ வாங்கிக்கொண்டு நின்றார். ஓடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அவரோ பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஒன்னயப் பாக்க முடியலையேன்னு வீட்டுல சொல்லாத நாளு இல்ல ஆத்தா. பாஷை தெரியாத ஊர்ல எம்புள்ள கிடந்தப்ப, ஆஸ்பத்திரியில கூடவே இருந்து பாத்துக்கிட்டயாமே. பிரின்சி சொன்னுச்சு. நாங்க போய்ச் சேரவே மூணு நாளாச்சு. அதுக்குள்ள நீ கெளம்பிட்டயாம்."

பிரகதி அவர் கீழே வைத்த பையைப் பார்த்தாள்.

"யாரோ ஒரு புள்ள தெரியாம இடிச்சிருச்சாம். விளையாட்டுன்னா அப்புடித்தான. ஈஸ்டருக்கு நீ வீட்டுக்கு வரணும். வரலைன்னா அருள்ராணி என்னைய உள்ள விடமாட்டா" என்று சிரித்துவிட்டு அவர் பஸ் ஏறினார். பிரகதி நின்ற இடத்திலேயே நின்றாள். பிரின்சி திட்டியிருக்கலாம், ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்து வைத்திருந்தாள். இதை நினைத்துப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் அன்றைக்குக் கீரனூர் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஆவூரில் இறங்கினாள். கோயில் பக்கம் முந்தின நாள் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்குப் போட்ட மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சி வாசலுக்கு வந்தாள். வலது காலைக் கொஞ்சம் தாங்கித்தான் வைத்தாள். மகள் இப்போது மாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போவதாகவும், வேன் வீட்டுக்கே வந்துவிடுவதாகவும் அருள்ராணி சொன்னாள். "வா" என்றாள் பிரின்சி.

இலை போட்டார்கள். கறிக்குழம்பை அருள்ராணி அள்ளி அள்ளி ஊற்றினாள். "நல்லாச் சாப்புடு கண்ணு. நீ அங்க இருக்கேன்னு கேட்ட பெறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்று தலையைத் தடவினாள். அந்தக் கை பட்டதும் பிரகதிக்குச் சோறு இறங்கவில்லை. "அம்மா, நான்…" என்று ஆரம்பித்தாள். "அவளுக்கு ரசம் ஊத்தும்மா" என்று பிரின்சி வெட்டினாள்.

கை கழுவ வீட்டுக்குப் பின்னால் போனபோது பிரின்சி செம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

"ஏன்டி அப்புடிச் சொன்ன?" என்று பிரகதி கேட்டாள்.

"அம்மா போன்ல கத்தி அழுதுச்சு. தனியாக் கெடக்கேன்னு எப்புடிச் சொல்லுவேன்? அதுக்கு ஒன் பேரத் தவிர வேற யாரைத் தெரியும்? ஒனக்காக ஒண்ணும் சொல்லல."

தண்ணீரை ஊற்றினாள். பிறகு அவளே பேசினாள். "காலு ஒடிஞ்சதுக்கு ஒன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆட்டத்துல நானும் இடிச்சிருக்கேன். நடிக்கிறான்னு சொன்னேல்ல, அதுதான். ஆபரேஷனுக்குக் கொண்டுபோற வரைக்கும் காதுல அதுதான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அங்க யாருக்கும் புரியாது. எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு."

பிரகதி இவ்வளவோடு விட்டிருக்கலாம். தெரியாமல் பட்ட அடி என்றுதான் பிரின்சி நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த நம்பிக்கையையும் வாங்கிக்கொண்டு திரும்பப் பிரகதிக்கு மனம் வரவில்லை.

"பந்து எட்டாதுன்னு எனக்குத் தெரியும் பிரின்சி. தெரிஞ்சுதான் வந்தேன்."

பிரின்சி செம்பைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த கொஞ்ச இளக்கமும் போய்விட்டது. நிமிர்ந்து கேட்டாள்: "இத இப்ப எதுக்குச் சொல்ற? ஒனக்கு லேசாகணும்னா?"

அது உண்மைதானோ என்று பிரகதிக்கே பயமாக இருந்தது. பிரின்சி அவளைத் தாண்டி உள்ளே போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுப்படியில் அருள்ராணி மீனம்மாளுக்கென்று தூக்குச்சட்டியில் கறி போட்டுக்கொண்டிருந்தாள். பிரகதி அவளிடமும் பங்கிராஸிடமும் சொன்னாள். உட்காராமல், நின்றபடியே சொன்னாள். ஆஸ்பத்திரியில் தான் இல்லை. இடித்ததும் தான்தான். தெரியாமல் இடிக்கவில்லை. சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அழுதால் அவர்கள் தேற்ற வேண்டி வரும். அழாமல் சொல்லி முடித்தாள். அருள்ராணியின் கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றது. பிறகு அவள் கரண்டியைக் குழம்புக்குள் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகள் இருந்த அறைக்குப் போனாள்.

பங்கிராஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, "பஸ்ஸு வர்ற நேரந்தான்" என்றார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். "நீங்க போங்கப்பா, நான் ஏறிக்கிறேன்" என்று பிரகதி சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. வெயிலில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து நின்றார். பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். போயிட்டு வா என்று அவர் வாயில் வரவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

பிரகதி இன்னும் அதே கிளப்பில்தான் ஆடுகிறாள். ஆவூருக்குப் பிறகு போகவில்லை. பிரின்சிக்குப் பல தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பிரின்சியே போனில் கூப்பிட்டாள்.

"பிளேட்டை எடுத்துறலாமான்னு கேக்கணும். ஒங்க கிளப்புல ஒரு டாக்டர் வருவாருல்ல, அவரு நம்பர் வேணும்."

பிரகதி நம்பரைச் சொன்னாள். பிரின்சி அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"வலிக்குதாடி?" என்று பிரகதி கேட்டாள்.

"மழைக்கு வலிக்குது" என்றாள் பிரின்சி. "சரி, வைக்கிறேன்."