கைக்கும் கடைக்கும் நடுவில்

ஆண்டவர்மேல் கோபித்துக்கொண்டு ஜெபிக்காமல் இருப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அதை அவரிடமே முறைப்படி அறிவித்துவிட்டுப் பேச்சை நிறுத்தியவர் எனக்குத் தெரிந்து கத்திரியக்கா ஒருவர்தான்.

எங்கள் தெரு முனையில் அவர் முடி வெட்டும் கடை வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, எப்போதும் ஈரமாகக் கொடியில் தொங்கும் துண்டுகள். "பாஸ்டர் எப்பவாவதுதான் தலையில கை வெச்சு ஜெபிக்கிறாரு. எனக்குப் பொழப்பே தலையில கை வைக்கிறதுதான்" என்பார். வந்தவர் ஏதாவது கவலை சொன்னால் போதும், முடியை ஒதுக்கிக்கொண்டே வாய்க்குள் ஜெபித்துவிடுவார். அது பலிக்கவும் செய்தது. பூக்கடைக்காரிக்கு நல்ல வாடகை வீடு அமைந்தது. பாட்டுக்குழுத் தலைவியின் காணாமல் போன பூனை, முன்னைவிடக் கொழுத்துத் திரும்பி வந்தது.

அப்படி இருக்கையில்தான் அக்காவின் வலது கை நடுங்கத் தொடங்கியது.

"பரம்பரையா வர்றதும்மா. ஆபத்து ஒண்ணும் இல்ல. மாத்திரை கொஞ்சம் அடக்கி வைக்கும். முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

டாக்டர் சொல்லாவிட்டால் என்ன, சொல்ல வேண்டியவர் மேலே இருக்கிறார் என்று அக்கா நம்பினார். விடாமல் ஜெபித்தார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கூட்டத்தின் நடுவே பாஸ்டர் பக்கத்தில் போய், வெட்கத்தில் குரலைத் தாழ்த்தி, "என் கைக்காக ஜெபிச்சுக்கோங்க பாஸ்டர்" என்பார். பாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, "கண்டிப்பாம்மா" என்பார். அந்தத் தலை சாய்ப்பைப் பார்த்தாலே சபையில் பாதிப் பேருக்கு மனப்பாரம் இறங்கிவிடும்.

கை சரியாகவில்லை. கடையில்தான் கூட்டம் பெருகியது. ஒரு டீச்சருக்கு நெற்றி முடி கோணலாக விழுந்துவிட, அதைப் புது ஸ்டைல் என்று நினைத்து அவர் தன் பள்ளிக்கூடத் தோழிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கத்திரியைக் கடையில் உதவிக்கு இருந்த நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுத் தலை கழுவும் தொட்டிக்கு மாறினார்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன், வாடிக்கையாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். வழக்கமாக 'நீர்', 'உமது' என்று மரியாதையாக ஜெபிப்பவர், அன்று வீட்டு மனிதரிடம் சண்டை போடுவதுபோல ஆரம்பித்தார்.

"கைவிட மாட்டேன்னு சொன்னீங்க. என் ஒருத்தி கையை மட்டும் விட்டுட்டீங்க. பூனைக்கு ஒதுக்க உங்களுக்கு நேரம் இருக்கு, எனக்கு ஒதுக்க இல்ல. நீங்க இருக்கீங்களா இல்லையான்னே இப்ப எனக்குத் தெரியல. இனிமே நமக்குள்ள பேச்சு இல்ல."

அன்றைக்கே வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க ஆளில்லாமல் போயிற்று. பஸ் ஓட்டுநரான கணவர் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, சாப்பாடு வந்துடுச்சு. ஸ்தோத்திரம். ஆமென்" என்றார்.

"இவ்வளவுதானா?"

"ஆறிடும்ல."

கோபம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் அக்காவைப் பயமுறுத்தியது. நுரை பூசிய தலைகளைத் தேய்க்கும்போது உதடு சும்மா கிடந்தது. எதிர்முனையில் யாருமே எடுக்காத ஃபோனில் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டிருந்தோமோ என்று தோன்றும். தோன்றியதும் தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிடுவார். சபைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்களே.

நாத்தனார் லீவு போட்டிருந்த ஒரு நாள் பாஸ்டர் முடி வெட்ட வந்தார்.

"இன்னைக்கு முடியாது பாஸ்டர். என் கை நடுங்குதே."

"கையா? கைக்கு என்னம்மா ஆச்சு?"

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்ன பாஸ்டர் இது? வாராவாரம் இதுக்குத்தானே ஜெபிக்கச் சொன்னேன்."

பாஸ்டரின் முகம் வெளிறியது. "கடைன்னுல்ல நெனச்சேன். 'என் கடைக்காக ஜெபிச்சுக்கோங்க'ன்னுதான் காதுல விழுந்துச்சு. தினமும் காலையில மறக்காம உன் கடைக்குத்தாம்மா ஜெபிச்சிட்டிருக்கேன்."

அக்கா காத்திருப்போர் பெஞ்சைப் பார்த்தார். முந்தின நாள் அதில் இடமில்லாமல் ஆட்கள் வாசல்வரை நின்றிருந்தார்கள்.

"எனக்கு இடது காது கேக்காதும்மா" என்றார் பாஸ்டர். "அதான் வலது பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்பேன். எல்லாரும் அதைக் கனிவுன்னு நெனச்சுட்டாங்க. மறுத்துச் சொல்ல எனக்கும் மனசு வரல. அந்தக் காதுக்கு நானும் ரொம்ப வருஷமா ஜெபிக்கிறேன்."

"கேக்கலையா?"

"காதா, கர்த்தரா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "அப்புறம் எப்படி நம்புறீங்க?"

பாஸ்டர் கொடியிலிருந்து ஒரு ஈரத் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். "சில நாள் நம்புறேன். சில நாள் நம்புறவன் மாதிரி போய் நிக்கிறேன். ஏன் கொடுக்கலைன்னு எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி பிரசங்கம் பண்ணியிருந்தா மன்னிச்சிடு." பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "நீயே வெட்டு. இடது பக்கம் தைரியமா வெட்டு, அந்தக் காது போனாலும் எனக்கு நஷ்டம் இல்ல."

அக்கா வெட்டினார். மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்து, மெதுவாக. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் போன பின், முடியைக் கூட்டி அள்ளும்போது அக்கா தன்னையறியாமல் முணுமுணுத்தார். "கடையைக் கொடுத்துக் கைக்கு ஈடு கட்டிடலாம்னு பாக்காதீங்க. எனக்குக் கைதான் வேணும்." சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு அப்படியே நின்றார். பேச்சில்லை என்று அறிவித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை ரத்து செய்வதாக அறிவிக்கவில்லை. பேசிக்கொண்டே கூட்டினார்.

அடுத்த ஞாயிறு, ஜெபம் பலித்தவர்கள் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அக்கா எழுந்தார். எல்லாரும் ஆமென் சொல்லத் தயாரானார்கள்.

"என் கை சரியாகல. பல நாள் சந்தேகமும் இருக்கு. ஆனா அவர்கிட்ட பேசாம என்னால இருக்க முடியல. அதான் வந்திருக்கேன்."

கை தட்டலாமா கூடாதா என்று சபைக்குப் புரியவில்லை. பின்வரிசையில் தச்சர் ஒருவர் எழுந்து, தன் தம்பி இன்னும் தன்னோடு பேசுவதில்லை என்றும், ஆனாலும் அதற்காக ஜெபிப்பதாகவும் சொன்னார். பிறகு ஒரு தாய் எழுந்தார். கிடைக்காதவற்றின் சாட்சி அன்றோடு நிற்கவில்லை. வாராவாரம் நீண்டுகொண்டே போய், இப்போது ஆராதனை முடியவே மதியம் தாண்டிவிடுகிறது.

"நீ ஆரம்பிச்சு வெச்ச வேலை. இனி எனக்குப் பசி தாங்கணும்னு ஜெபிச்சுக்கோ" என்று கணவர் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார்.