பிளந்த தலையில் ஒரு துளை

எங்கள் ஊர் அம்மன் திரும்பி வந்த அன்று என் அண்ணன் அழுததைப் போல் ஓர் ஆண் அழுது நான் பார்த்ததில்லை. குடவாசலுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்னக் கோயில் அது. அங்கிருந்து களவுபோன வெண்கலச் சிலை பல கைகள் மாறிக் கடல் கடந்து, ஏதோ ஒரு நாட்டின் அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை மீட்க ஊரில் அமைத்த குழுவுக்கு அண்ணன்தான் தலைவர். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர், வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சென்னைக்கும் டெல்லிக்கும் அலைந்தார். சிலை வந்து இறங்கியதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுப் பொண்ணைத் தூக்கிட்டுப் போயி, பொம்மைன்னு சொல்லி வித்திருக்கானுங்க!" என்று கத்தினார். பக்கத்தில் நின்று நானும் அழுதேன்.

அந்த அண்ணனின் மணிவிழாவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த அவர் மகன், தன் அம்மாவுக்கு ஒரு பரிசு கொடுத்தான். கல்யாண மண்டபத்தில் சாப்பாடு முடிந்து உறவுகள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். வெல்வெட் பெட்டியைத் திறந்து அண்ணியின் கையில் வைத்தான். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பச்சைக்கல் முகம். அழப்போகும் குழந்தையைப் போல ஓரங்கள் கீழே இறங்கிய வாய். தலையின் நடுவே ஒரு பிளவு. அதிலிருந்து எழும்பும் சிறு முளை. இரண்டு காதோரங்களிலும் நூல் கோக்க மெல்லிய துளைகள். நாற்றங்காலில் பத்து நாள் பயிருக்கு ஒரு பச்சை இருக்குமே, அதே பச்சை.

"ஒல்மெக்னு பேரு அத்தை. மெக்சிகோவுல மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்தவங்க. ஏலத்துல எடுத்தேன்" என்று என்னிடம் சொன்னான்.

நான் பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறவள். கையில் வாங்கியதும் முதலில் வந்த கேள்வியைக் கேட்டேன். "ஏலத்துக்கு எங்கேருந்துப்பா வந்துச்சு?"

"எல்லாம் லீகல் அத்தை. ஐரோப்பாவுல ஒருத்தரோட தனியார் சேகரிப்பு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் அம்மனை விற்றவனும் இதே வார்த்தைகளைத்தான் எழுதிக் கொடுத்திருந்தான். ஐரோப்பா, தனியார், சேகரிப்பு. அண்ணன் அந்த வார்த்தைகளை மேடை மேடையாகக் கிழித்திருக்கிறார்.

"அண்ணே, இதேதானே நம்ம அம்மனுக்கும் சொன்னானுங்க?"

அண்ணன் சிரித்தார். "அது சாமிம்மா. இது பொம்மை. நல்ல நாள்ல ஆரம்பிக்காதே."

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அந்த முகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் கூடியது. ஒல்மெக் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கூட இல்லை. பின்னால் வந்த வேறு மக்களின் மொழியிலிருந்து எடுத்து ஒட்டிய பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் சோளம் விளைவித்துச் சாப்பிட்டவர்கள். அவர்களுக்குப் பச்சை என்றால் தண்ணீர், முளைவிடும் பயிர், உயிர்மூச்சு. பிளந்த தலையிலிருந்து எழும்பும் முளை, மண்ணைப் பிளந்துகொண்டு வரும் சோளப் பயிர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது அவர்களுடைய பயிர்த் தெய்வத்தின் முகமாக இருக்கலாம். தொலைதூர ஆற்றுப்படுகையிலிருந்து கொண்டுவந்த கல்லை, உலோகக் கருவி எதுவும் இல்லாமல், மணலும் தண்ணீரும் வைத்துத் தேய்த்துத் தேய்த்தே முகமாக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கற்களை ஊற்றுகளில் காணிக்கையாகவும் போட்டிருக்கிறார்கள்.

ஆடியில் காவிரிக்குக் காதோலை கருகமணி விடுகிற நமக்கா இது புரியாது? நெல் முளைத்தால்தான் சோறு என்று வாழ்கிற நமக்கா அந்த முகம் பொம்மை?

நேரில் பேசிப் பார்க்கலாம் என்று அடுத்த வாரம் பட்டுக்கோட்டைக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணியின் கழுத்தில் அது தொங்கியது. சுற்றிலும் தங்கம் கட்டியிருந்தார்கள். காதோரத் துளைகளில் கம்பி நுழையவில்லை என்று, நகை செய்யும் பத்தரை வரவழைத்து, தலையின் பிளவுக்குக் கீழே புதிதாக ஒரு துளை போட்டிருந்தார்கள். மோட்டார் வைத்த துளைக்கருவி. போடும்போது முளையின் நுனி தெறித்துவிட்டது. பத்தர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாராம். அண்ணன்தான், "நம்ம பொருள், போடுங்க" என்றாராம்.

"யாரு பொருள்? இது யாரு பொருள் அண்ணே?" கத்திவிட்டேன். ஹாலில் மண்டிக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"சத்தம் போடாதே. என் புள்ளை வாங்கினது."

"நம்ம அம்மனையும் ஒருத்தன் வாங்கித்தான் வச்சிருந்தான். அவ மூக்குல ஒருத்தன் ஓட்டை போட்டிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"சாமியையும் இதையும் ஒண்ணாப் பேசாதே. நாக்கு அழுகிடும்."

"அங்கயும் ஏதோ ஒரு ஊருல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருப்பாரு. திருடன்னு அவரு சொல்றது யாரைன்னு நெனைக்கிறீங்க?"

அண்ணன் எழுந்து வாசலைக் காட்டினார். "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே."

இறங்கி வந்தேன். அன்றே மெக்சிகோ தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பொருளை நேரில் காட்ட முடியுமா என்று கேட்டுப் பதில் வந்தது. எப்படிக் காட்டுவது? அது அண்ணன் வீட்டில் இருக்கிறது.

சில நாள் கழித்து அண்ணியே என் வீட்டுக்கு வந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை. கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். தங்கத்தைக் கழற்றிவிட்டு வெறும் கல்லாகக் கொண்டுவந்திருந்தார்.

"நீ பேசிட்டுப் போனதுலேருந்து என்னால அதைப் போட்டுக்க முடியல. கண்ணாடியில பார்த்தா அந்த முகம் அழுவுற மாதிரியே இருக்கு."

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். குதிச்சாரு. புள்ளையும் போன்ல குதிச்சான். எனக்குக் குடுத்ததுதானே, என் பொருளை யாருக்கு வேணா குடுப்பேன்னு சொல்லிட்டேன். டிக்கெட் போடு, நானும் வர்றேன்."

டெல்லிக்கு ரயிலில் போனோம். தூதரகத்தில் எங்களைச் சந்தித்த பெண் அதிகாரிக்கு அண்ணியின் வயதுதான் இருக்கும். துணியை விரித்ததும் அவர் கையுறை மாட்டிக்கொண்டு முகத்தை எடுத்தார். காதோரத் துளைகளைப் பார்த்தார். பிறகு தலையில் இருந்த புதுத் துளையை, உடைந்த முளையை. விரல் அங்கேயே நின்றது.

"இதை யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. கேள்வி புரியாமல் என்னைப் பார்த்த அண்ணிக்குத் தமிழில் சொன்னேன்.

அண்ணி அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தார். "எங்க வீட்டுலதான் பண்ணினோம்னு சொல்லு" என்றார். "மன்னிப்புக் கேக்குறோம்னு சொல்லு. ரெண்டையும் சொல்லு."

இரண்டையும் சொன்னேன். அந்தப் பெண் தலையசைத்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.