செருப்பை விட்டுவிட்டு ஓடுங்கள்

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது எங்கள் பிசியோதெரபி கிளினிக். கீழே துணிக்கடை, முதல் மாடியில் ஓர் இன்சூரன்ஸ் முகவரின் அலுவலகம், இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு லிஃப்ட், ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டை ஏறி இறங்க யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அது செருப்பு விடுகிற இடம். ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருக்கும். எங்கள் கதவில் இருப்பதுதான் ஆகப் பெரியது. தரையில் பாய் விரித்துப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் தெரு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினால் எனக்குக் கோபம் வரும். பொதுவாகவே எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பாருங்கள், உங்களுக்கும் வரும்.

அப்போது பரங்கிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். பக்கவாதத்தில் இடது கால் பலமிழந்திருந்தது. நல்ல கனத்த உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பாதம் மடங்கிவிடாமல் இருக்கப் பட்டை வைத்த ஷூ ஒன்றை அவருக்குப் போட்டிருந்தோம். அதைக் கழற்றக் கூடாது என்பதால், எங்கள் கிளினிக்குக்குள் காலில் எதையாவது போட்டுக்கொண்டு நடக்க அனுமதி பெற்ற ஒரே ஆள் அவர்தான். சமதரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடப்பார். படிக்கட்டுப் பயிற்சி என்று வாயைத் திறந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“லிஃப்டு இருக்குதே டாக்டரம்மா, எனக்கு என்னாத்துக்குப் படி?”

விழுந்துவிடுவோமோ என்ற பயம். எனக்கும் அது தெரியும். கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை.

கட்டடத்துக்காரர் ஒருநாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அலுவலரை அழைத்து வந்தார். எல்லோரையும் எங்கள் ஹாலில் உட்காரவைத்து, அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கரண்டில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மெயினை அணையுங்கள். புகை வந்தால் குனிந்து போங்கள். வெளியே வந்தபிறகு எதையும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

“முக்கியமா, லிஃப்ட்ல ஏறாதீங்க. கரண்ட் நின்னா நடுவுல மாட்டிக்குவீங்க. படிதான்.”

“அப்ப எங்க பேஷண்டு என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டேன்.

எல்லோரும் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாலு பேரு தூக்கிட்டு வரணும் மேடம்.”

“நாலு ஆம்பளைங்க என்னையத் தூக்குறதா? நல்லாருக்கு கதை! நான் இங்கயே இருந்துக்குறேன், அல்லா பாத்துக்குவான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பக்கத்தில் இருந்த கம்பியை அவர் கை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். மேல்மாடியில் தீயோடு தனியாக விட்டுவிடக்கூடிய ஆளாகத் தன்னை அவர் எண்ணிக்கொண்டுவிட்டார்.

அலுவலர் தன்மையான மனிதர். “உங்கள யாரும் தொட மாட்டாங்கம்மா. நாற்காலியத்தான் தூக்குவாங்க. நீங்க மகாராணி மாதிரி உக்காந்துருந்தா போதும்” என்றார். கைவைத்த மர நாற்காலி ஒன்றுக்கு பெல்ட் கட்டினோம். தூக்க முதலில் கை தூக்கியவர் இன்சூரன்ஸ்காரர். “நான் தெனம் ஜிம்முக்குப் போறேன்” என்றார். அந்த ஜிம்மை இன்றுவரை யாரும் கண்டதில்லை. கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியாரும் துணிக்கடை ஆட்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு ஒத்திகை. மணி அடித்தது. அம்மாவோடு நாற்காலி கிளம்பி, இரண்டாம் மாடித் திருப்பம் வரை அழகாகப் போனது. அங்கே கம்ப்யூட்டர் சென்டர் மாணவர்கள் மொத்தமும் குனிந்து நின்று அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். “இது என்னுது இல்ல”, “இடது கால் எங்கடா?” என்று ஒரே கூச்சல். நாற்காலியை அந்தச் செருப்புகளுக்கு நடுவில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. தூக்கிவந்த இன்சூரன்ஸ்காரரே, வைத்த கையோடு முதல் மாடிக்கு ஓடிப்போய்த் தன் புதுத் தோல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நெஜமாவே தீயா இருந்தா செருப்பு தப்பிச்சிருக்கும்” என்றார் அலுவலர்.

நான் கத்தின கத்தலில் துணிக்கடை வாடிக்கையாளர்கள்கூட மேலே எட்டிப் பார்த்தார்கள். ஒரு மனுஷி மேலே உட்கார்ந்திருக்க, உங்களுக்கு ரப்பர் செருப்பு பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டேன். வேறு சிலதும் கேட்டேன், அதை எழுத முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். செருப்பெல்லாம் அலமாரி போட்டு உள்ளே போனது. கொஞ்ச நாளில், நம் வழக்கம் எங்கே போகும், மெல்ல மெல்லப் படிக்கே திரும்பி வந்தது.

கத்திரி வெயிலில் நிஜமாகவே தீ பிடித்தது. கம்ப்யூட்டர் சென்டரின் பேட்டரி அறையிலிருந்து கருகல் நாற்றமும் புகையும் வந்தன. வாத்தியார் அந்த அறைக் கதவை இறுகச் சாத்திவிட்டு, மணியை அடித்துவிட்டு, எங்களிடம் ஏறி ஓடி வந்தார். கீழே மெயினை அணைத்தார்கள், லிஃப்ட் நின்றுபோனது. அம்மா அப்போது கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டேன். அவர் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். துணிக்கடை ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே, மூச்சு வாங்க, வெறுங்காலோடு இன்சூரன்ஸ்காரர்.

“தூக்கு, தூக்கு!”

அம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் லேசாகப் புகை. செருப்புகளைச் சுவரோரம் எத்தித் தள்ளியிருந்தார்கள். ஒருவர்கூடக் குனிந்து நிற்கவில்லை. நாற்காலி எங்கும் நிற்காமல் தெருவுக்கு வந்தது.

உச்சி வெயில். எதிரே இளநீர்க் கடையோரம் கட்டடமே வெறுங்காலோடு நின்று, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு குதித்தது. தார் அப்படிச் சுட்டது. நடுவில் நாற்காலியில் அம்மா, காலில் ஷூவோடு. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அழுதார். பிறகு இளநீர்க்காரரைப் பார்த்து, “தரையில தண்ணி ஊத்துங்க தம்பி, புள்ளைங்க காலு வேகுது” என்று அதட்டினார். தீயணைப்பு வண்டி வந்தது. பேட்டரி அறையோடு எல்லாம் முடிந்துபோனது.

அடுத்த முறை சிகிச்சைக்கு வந்தபோது அம்மா லிஃப்டுக்குப் போகவில்லை. கீழே கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டு எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். நான் இறங்கி ஓடினேன். “ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது மத்த கால் முதல்ல” என்று சொல்லிக்கொடுத்தபடி பின்னால் நின்றேன். வியர்வை ஊற்ற ஊற்ற, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, முதல் மாடிக்கு ஒரு படி கீழே வரை வந்துவிட்டார். கடைசிப் படியில் வரிசையாகச் செருப்புகள்.

இன்சூரன்ஸ் அலுவலகக் கதவைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

“என்னையத் தூக்கிட்டுப் போறதுக்கு வழி வுட்டீங்க. நடக்குறதுக்கு வுட மாட்டீங்களா?”

உள்ளேயிருந்து எல்லோரும் ஓடி வந்து ஆளுக்கொரு ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் அழுதுகொண்டிருந்தது அவருக்குத் தெரியக் கூடாது என்று பின்னாலிருந்தே, “வலது காலும்மா, வலது கால்” என்று அதட்டினேன். அவர் காலைத் தூக்கி வைத்தார்.