ரைஃபிளை ஒப்படைக்கப் போன மல்லிகா

போன திங்கட்கிழமை மல்லிகாவிடமிருந்து போன். "சார், ஸ்டேஷன்ல உட்கார வச்சிட்டாங்க. இன்னா பண்றதுன்னே தெர்ல."

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் விவசாயம் பார்ப்பவர் மல்லிகா. எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் சாமை அரிசி அவரிடமிருந்துதான். கணவர் பட்டாளத்திலிருந்து ரிடையர் ஆனவர். ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைஃபிள் ஒன்றை, முறைப்படி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு திடீரென்று மாரடைப்பு... போய்விட்டார்.

லைசென்ஸ் அவர் பெயரில். அவர் போன பிறகு ரைஃபிள் வீட்டில் இருக்கக் கூடாது. அதுவும் ராணுவ ரகம் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். இதெல்லாம் மல்லிகாவுக்குத் தெரியும். கணவரே சொல்லி வைத்திருந்தார். காரியம் முடிந்த கையோடு, ரைஃபிளைப் பழைய புடவையில் சுற்றி, லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, ஜீப் ஏறி அடிவாரத்து ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

அதுதான் குற்றமாம்!

நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. மல்லிகா காலையிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தார்.

"லைசென்ஸ் இல்லாம ஆயுதம் எடுத்துட்டு வந்திருக்காங்க. கேஸ் போடலாம் சார்" என்றார் எஸ்.ஐ.

"ஒப்படைக்கத்தானே வந்தாங்க?"

"அதுக்கும் எடுத்துட்டு வரக் கூடாது."

"அப்போ அதுவா நடந்து வருமா?"

எஸ்.ஐ. நோட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீல் நண்பரை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டேன். லைசென்ஸ்தாரர் இறந்தால் தாமதிக்காமல் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டமே சொல்வதை அவர் வரிவரியாகப் படித்தார். எஸ்.ஐ.யின் சுருதி இறங்கியது. "சரி, சரி... எழுதிக்கலாம்" என்றார். ஆனாலும் ரசீது கைக்கு வர சாயங்காலம் ஆயிற்று.

வெளியே வந்த பிறகுதான் மல்லிகா அழுதார்.

"புருஷன் எப்படி செத்தான்னு கேட்டாங்க சார். மாரடைப்புன்னேன். 'நீ சுட்டுட்டியா'ன்னு ஒருத்தன் சிரிக்கிறான். எங்க மலையில லைசென்ஸே இல்லாம நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்கிறவன்லாம் வூட்ல நிம்மதியா இருக்கான். ஒழுங்கா கொண்டாந்து குட்த்தவ நானு... எனக்கு இந்தப் பேச்சு!"

பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போய் வண்டி ஏற்றிவிட்டேன்.

துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும். கடுமையாகவே வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் தானாக வந்து நிற்கிறவரையே இப்படி மிரட்டினால், அடுத்தவர் என்ன செய்வார்? கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்!

நம் ஊரில் சட்டத்தின் கையில் சுலபமாகச் சிக்குகிறவர், அதைத் தேடிக்கொண்டு போகிறவர்தான்.