தென்காசியில் எத்தனை குலசேகரன்!

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது சுலபம். கலக்கியதை உரிய ஆளிடம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஜன்னலுக்குப் பின்னால் நின்று பெயர் கூப்பிட்டுப் பிழைத்தவர்களுக்கு இது தெரியும். ஆனால், நீங்கள் யுத்தத்துக்கு முந்தைய தென்காசியில் வேலை பார்த்திருக்க மாட்டீர்கள். பாண்டிய ராஜாக்களில் பலர் குலசேகரன். எங்கள் ஊரில் குலசேகரநாதர் கோயில். கடலோரத்தில் குலசேகரன்பட்டினம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் குலசேகரன் என்றே எனக்குத் தோன்றும்.

ஒரு பாட்டில், மூன்று பேர்

ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல். கொயினா மருந்து ஒரே பாட்டில்தான் மிச்சம். இனி மறுநாள்தான் வரும். "குலசேகரன்!" என்றேன். மூன்று பேர் எழுந்தார்கள்.

முதலில் வந்தவர் இலத்தூர் விவசாயி. அவருக்கும் உடம்பு அனலாகக் கொதித்தது. கையை நீட்டியவர், பின்னால் ஒருவன் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தார். நீட்டிய கையாலேயே அவனை முன்னால் இழுத்துவிட்டார்.

"பேரு எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணாச்சி. நடுக்கம் இவனுக்குல்லா கூட இருக்கு, இவனுக்குக் குடுங்க."

யாருடைய பெயர்?

இன்னொரு நாள் ஒரே மருந்துக்கு இரண்டு குலசேகரன் வந்து நின்றார்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை; அந்த ஊர்க் குலசேகரன், இது தங்கள் மகாராஜாவின் பட்டப்பெயர் என்றார். தென்காசிக் குலசேகரன் விடவில்லை; பாண்டியன் பெயரைத் திருவிதாங்கூர்க்காரர்கள் கொண்டுபோய்விட்டார்களாம். சத்தம் கூடியது. வரிசையில் நின்ற ஒரு ஆச்சி குறுக்கே புகுந்தாள்.

"ராசா பேரு இருக்கட்டும்யா, வயித்துப்போக்கு யாருக்கு? அவரு முதல்ல மருந்தை வாங்கட்டும்."

பெயர் சொல்லாத மனைவி

குற்றாலத்தில் சாரல் நேரம். பெரிய அருவிப் பக்கம் வழுக்கி விழுந்து மண்டை உடைந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். குலசேகரன் என்று மட்டும் சொல்லிவிட்டு மயங்கிவிட்டார்.

சேதி கேட்டு ஆய்க்குடியிலிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். புருஷன் காலையில்தான் அருவிக்குப் போனானாம். பெயர் கேட்டேன், சொல்லாமல் குலசேகரநாதர் கோயில் இருந்த திசையைக் காட்டினாள். உள்ளே போய் முகத்தைப் பார்த்ததும், "எங்க அவுக இல்ல" என்று சுவரில் சாய்ந்து அழுதாள்.

அடிபட்டவர் குலசேகரன்பட்டினத்துக்காரர். இங்கே அவருக்கு நாதியில்லை. அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். சாயங்காலம் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தாள், புருஷனையும் கூட்டிக்கொண்டு. அடிபட்டவருடைய ஆட்கள் வந்து சேரும்வரை தினமும் வந்தாள். "உனக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்?" என்றேன்.

"எங்க வீட்டு அவுக பேருதான அவுகளுக்கும். அந்தப் பேரை நான் வாயால சொல்லத்தான் கூடாது; கஞ்சி ஊத்தக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

இத்தனை பட்டும் என் மகனுக்குக் குலசேகரன் என்றே பெயர் வைத்தேன். எனக்கு அடுத்து வரும் கம்பவுண்டரும் கொஞ்சம் பட்டுப் பார்க்கட்டுமே!